ஐந்து பேர் சேர்ந்தால் தமிழ் எழுதலாம்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து நித்யா தொலைபேசியில் அழைத்தாள். நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். "மேடம், 'எழுத்திலிருந்து கணினி வரை' கண்காட்சியை முழுசா மாத்தறோமுங்க. இனிமே எல்லாம் தொடுதிரைதான். பழைய பஸ்ல என்னென்ன வச்சிருந்தீங்க, சனங்க எதை விரும்பிப் பார்த்தாங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா எங்களுக்கு உதவியா இருக்கும்" என்றாள். எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அது நிற்கவில்லை.

நான் நடமாடும் அறிவியல் கண்காட்சிப் பேருந்தில் விளக்குநராக வேலை பார்த்தவள். இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது கிடைத்த வேலை. பயிற்சி என்று கொஞ்ச நாள் வகுப்பில் உட்காரவைத்தார்கள். குரலை எப்படி ஏற்ற வேண்டும், கூட்டத்தை எப்படி வரிசையாக விட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பேருந்தில் ஏறிய முதல் வாரத்திலேயே அதில் பாதி மறந்துபோயிற்று.

எங்கள் பேருந்து நீல நிறம். இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பெட்டிகள் பொருத்தியிருந்தார்கள். முன்வாசலில் ஏறினால் களிமண் பலகையின் மாதிரி ஒன்று இருக்கும். அதில் ஆடும் பார்லியும் எவ்வளவு என்று கூரான குச்சியால் குத்திக் குத்தி எழுதியிருக்கும். அடுத்து, பேர் கீறிய பானை ஓடு. பிறகு பனையோலையும் எழுத்தாணியும். அதைத் தாண்டினால் ஈய எழுத்துகள் அடுக்கிய அச்சுத் தட்டு, தந்தி அடிக்கும் கட்டை, கம்பியால் இணைத்த இரண்டு தொலைபேசிகள், பழைய கணினிகளுக்கான துளையிட்ட அட்டைகள். பின்வாசலுக்குப் பக்கத்தில் கணினியும், கரகரவென்று சத்தம் போடும் ஓர் அச்சுப்பொறியும். யார் வந்தாலும் அவர்கள் பேரைத் தமிழில் அச்சடித்துக் கொடுப்போம். அந்தத் துண்டுக் காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு போகாத ஆளே கிடையாது.

எங்கள் பொறுப்பாளர் தங்கவேலு சார். கோபிப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள். கோடையிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். அவர் பொறுப்புக்கு வந்ததும் செய்த முதல் வேலை, பேருந்துக்குள் இருந்த 'தொடாதீர்கள்' பலகைகளையெல்லாம் கழற்றி டிரைவர் பழனிச்சாமியண்ணனிடம் கொடுத்து, "அடுப்புக்கு ஆகும், ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னதுதான். அதற்குப் பிறகு எழுத்தாணி மாதம் ஒன்று தொலைந்தது. ஓலைகள் ஒடிந்தன. சார் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உட்கார்ந்து புது ஓலை நறுக்குவார். "ஒடைஞ்சுதுன்னா ஆரோ எழுதிப் பார்த்துருக்காங்கன்னு அர்த்தம்" என்பார்.

பொருளுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டை எழுதுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. எழுதிய தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போவார். டீ ஆற்றிக்கொண்டிருக்கும் மாஸ்டருக்குப் படித்துக் காட்டுவார். மாஸ்டர் ஆற்றிக்கொண்டே கேட்டால் தாளைக் கிழித்துவிடுவார். ஆற்றுகிற கை அந்தரத்தில் நின்றால் அட்டை தேறிவிட்டது. நான் முதலில் எழுதியது 'தகவல் பரிமாற்றத்தின் பரிணாம வளர்ச்சி' என்று தொடங்கியது. மாஸ்டர் மூன்று டீ ஆற்றி முடித்தார். பிறகு திரும்பத் திரும்ப எழுதி, கடைசியில் பானை ஓட்டுக்கு இப்படி எழுதினேன்: 'இது என் பானை என்று ஒருவர் தன் பேரைக் கீறிவைத்தார். பானை உடைந்துவிட்டது. ஆளும் போய்விட்டார். பேர் மட்டும் இன்னும் இருக்கிறது.' மாஸ்டரின் கை நின்றது. சார் எனக்கு ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

கணினி எப்படி எழுத்தை வைத்துக்கொள்கிறது என்று விளக்கவும் அவரிடம் ஒரு விளையாட்டு இருந்தது. கூட்டத்திலிருந்து ஐந்து பேரைக் கூப்பிட்டு வரிசையாக உட்காரவைப்பார். பார்க்கிறவர்களுக்கு வலது கோடியில் இருப்பவருக்கு மதிப்பு ஒன்று. அடுத்தவருக்கு இரண்டு. பிறகு நான்கு, எட்டு, பதினாறு. யார் யார் எழுந்து நிற்கிறார்களோ அவர்களுடைய மதிப்பைக் கூட்டினால் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்கு ஓர் எழுத்து. இதில் சார் எப்போதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விஷயம் சொல்வார். ஐந்து பேரும் உட்கார்ந்திருப்பதை விட்டுவிட்டால் மொத்தம் முப்பத்தொரு விதமாக எழுந்து நிற்கலாம். தமிழில் வரிசையாக உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, மெய் பதினெட்டு. கூட்டினால் முப்பத்தொன்று. "ஒண்ணு கூடலை, ஒண்ணு கொறையலை பாருங்க. அஞ்சு பேரு சேர்ந்தா தமிழ் எழுதிப்போடலாமுங்க" என்பார். ஒவ்வொரு ஊரிலும் அதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர் போலச் சொல்வார். மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துக் காட்டினால் உயிர்மெய் ஆகிவிடும். ஐந்து பேரும் உட்கார்ந்தால் சொல் முடிந்தது.

ஒரு வருடம் தேயிலை விலை விழுந்து கிடந்தது. நீலகிரிக்குப் போக வேண்டிய சுற்றுப்பயணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. பச்சைத் தேயிலையைப் பறித்தால் கூலிக்கே கட்டவில்லை என்று சனங்கள் கவலையில் இருக்கும்போது ஓலைச்சுவடி பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டார்கள். சார், "கவலையா இருக்கறப்ப வேற என்னத்தைப் பார்க்கறதுங்க? போய்ட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்து, பழனிச்சாமியண்ணனை டீசல் போடச் சொல்லிவிட்டார்.

மலையேறி முதலில் நிறுத்திய கட்டபெட்டில் நாங்கள் நினைத்ததைவிடக் கூட்டம். படகர் வீட்டுப் பெரியவர் ஒருவர், சிறிய தேயிலைத் தோட்டத்துக்காரர், களிமண் பலகைக்கு முன்னால் நின்று நான் சொன்னதைக் கேட்டார். உலகத்தில் முதலில் எழுதியது கதையோ பாட்டோ இல்லை, எத்தனை ஆடு, எவ்வளவு தானியம் என்பதுதான் என்றேன். அவர் பலகையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "அந்தக் காலத்துலயும் இதே ரோதனைதானா" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். வெளியே போய் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து அதே பலகையைக் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள்.

அங்கிருந்து சேரங்கோட்டுப் பக்கம் போனோம். மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. அங்கே தோட்ட வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். தேயிலை தேங்கிக் கிடந்ததால் வாரத்தில் சில நாள்தான் வேலை இருந்தது. ஓர் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் சரிவில் தோட்டம். அக்கரையில் ஒரு பிரிவு, இக்கரையில் ஒரு பிரிவு, இரண்டிலும் லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகள். முதல் நாள் அக்கரையில் காட்சி வைத்தோம். அங்கிருந்த பள்ளி வாத்தியாருக்கு ஐந்து பேர் விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையில் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் பள்ளிச் சுவரில் ஒட்டிக்கொண்டார். சாயங்காலம் பேருந்தை இக்கரைக்குக் கொண்டுவந்து தொழிற்சாலைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம்.

விடிந்து பார்த்தால் ஆற்றின் மேலிருந்த பாலம் இல்லை. மேலே சாலையிலும் மண் சரிந்திருந்தது. தொழிற்சாலைத் தொலைபேசி செத்துவிட்டது. கணினியும் செத்துவிட்டது. மலையில் ஈரம் ஏறாமல் இருக்கக் கணினிப் பெட்டிக்குக் கீழே எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியவிடுவோம். மின்சாரம் போனதும் பல்பு அணைந்து, உள்ளே எல்லாம் வியர்த்து வழிந்திருந்தது. பேர் அச்சடித்துக்கொள்ள வந்த பெண்கள், உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, மழையில் பேருந்தைச் சுற்றி நின்றார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கூட்டத்தில் ஒரு அம்மா மட்டும் பேருந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லம்மா என்று பேர். கொழுந்து பறிக்கிறவர். என்னம்மா என்று கேட்டேன்.

"எம்மக சாந்தி அந்தாண்ட லயத்துலதான் தங்கச்சி இருக்கா. தலைப்பிரசவம். இன்னைக்கோ நாளைக்கோன்னு இருந்திச்சி. நான் இன்னைக்குக் காலையில போறதா இருந்தேன். இப்ப போக ஏலாது. நேத்து பொழுதுபட வலி கண்டிருச்சின்னு ஒரு ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சி. இருட்டு, மழை, விடியட்டும்னு இருந்தேன், அதுக்குள்ள பாலம் போயிருச்சி."

அக்கரையில் மருந்தகமும் தாதியும் உண்டு என்று பக்கத்தில் இருந்தவர்கள் சமாதானம் சொன்னார்கள். செல்லம்மா தலையாட்டினார். ஆனால் கண்ணை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை.

சார் பேருந்தின் ஒலிபெருக்கியைத் திருப்பி அக்கரைக்கு நேராக வைத்து, "சாந்தி எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். ஆற்றுச் சத்தத்தில் சொல் கரைந்துபோயிற்று. வீடுகளிலிருந்து சிலர் வெளியே வந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள், அவ்வளவுதான். பழனிச்சாமியண்ணன் தன் வேட்டியில் கரியால் எழுதிக் காட்டலாம் என்றார். இங்கிருந்து பார்த்தால் அங்கே நிற்பது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. வேட்டியில் எழுதிய எழுத்து எங்கே தெரியப்போகிறது?

அப்போது அக்கரையில் ஒரு கறுப்புக் குடை வெளியே வந்தது. முதல் நாள் முழுக்க அவர் கையில் பார்த்த வாத்தியார் குடை. சாரும் நானும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ராஜம், அட்டவணையைக் கொண்டா" என்றார் என்னிடம்.

தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். அதற்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தால் ஆள் தெரியாது. எழுந்து நின்று வெள்ளைச் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்தால் பளிச்சென்று தெரியும். ஐந்து பெண்களை இடைவெளி விட்டு நிறுத்தினோம். அவர்களுக்குப் பின்னால் பாதையில் நின்று நான் அட்டவணையைப் பார்த்து, யார் எழுந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். 'சாந்தி சுகமா' என்று கேட்பதாகத் திட்டம். ஒவ்வோர் எழுத்தும் புரிந்தால் வாத்தியார் குடையை மேலே தூக்குவார் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

முதல் எழுத்து 'ச்'. பதினாறு மதிப்புள்ள ஒருவர் மட்டும் நிற்க வேண்டும். நின்றார். குடை மேலே போனது. அடுத்து 'ஆ'. குடை கொஞ்சம் தயங்கிப் போனது. மூன்றாவது எழுத்துக்குக் குடை பக்கவாட்டில் வேகமாக ஆடியது. புரியவில்லை என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து காட்டினோம். மறுபடியும் குடை ஆடியது. அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பழனிச்சாமியண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க, நீங்க இவங்க முதுகைப் பார்க்கறீங்க. அந்த வாத்தியாரு மொகத்தையல்லவாங்க பார்க்கறாரு?"

அவ்வளவுதான் விஷயம். எங்களுக்கு இடது கோடி, அவருக்கு வலது கோடி. நாங்கள் 'ச்' என்று அனுப்பியதை அவர் 'அ' என்று படித்திருக்கிறார். 'ஆ' அவருக்கு 'ஏ' ஆகியிருக்கிறது. சார் சத்தமாகச் சிரித்துவிட்டார். பெண்களும் சிரித்துக்கொண்டே இடம் மாறி நின்றார்கள். இந்த முறை குடை ஒவ்வோர் எழுத்துக்கும் தயங்காமல் மேலே போனது. கடைசி எழுத்து முடிந்ததும் வாத்தியார் குடையைக் கீழே போட்டுவிட்டு லயத்துப் பக்கம் ஓடினார். அவர் ஓடுகிற வேகத்திலேயே அவருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. ஆறு தெரியவில்லை. அக்கரை தெரியவில்லை. எங்கள் ஐந்து பேரில் கோடியில் நின்றவரே மங்கலாகத்தான் தெரிந்தார். யாரும் நகரவில்லை. மழைத்தூறல் சாக்கில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திடீரென்று பனியில் ஜன்னல் திறந்த மாதிரி ஓர் இடைவெளி விழுந்தது. அக்கரையில் வெள்ளைச் சாக்குகள். இடது கோடியில் ஒன்று, நடுவில் இரண்டு இடம் காலி, வலது கோடியில் இரண்டு. அவ்வளவுதான் பார்த்தோம். பனி மூடிக்கொண்டது.

பதினாறும் இரண்டும் ஒன்றும். பத்தொன்பது. விரலை அட்டவணையில் வைத்தேன். "'ண்' சார்."

"வெறும் 'ண்'னா?"

"முன்னால என்ன வந்துதுன்னு தெரியலைங்க சார். இதை மட்டுந்தான் பார்த்தோம்."

சார் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "செல்லம்மா, பேரக்குழந்தை பொறந்துருச்சுங்க. 'ண்'னுல முடியுதுன்னா ஒண்ணு ஆண், இல்லாட்டிப் பெண். எதுன்னுதான் தெரியலைங்க."

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். செல்லம்மா தட்டவில்லை. "எதுவா இருந்தா என்னாங்கய்யா. நான் கேட்டது எம்மகளை. அதுக்கு இன்னும் பதில் வரலியே" என்றார்.

கைதட்டல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பனிக்குள் நாங்கள் காத்திருந்த நேரம்தான் என் வேலைக் காலத்திலேயே நீண்ட நேரம். ஒருவர் கறுப்புத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். செல்லம்மா குவளையைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

காற்று திரும்பியதும் பனி ஆற்றோடு கீழே நகர்ந்தது. அக்கரை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. முதலில் தகரக் கூரைகள், பிறகு குடை, பிறகு ஐந்து சாக்குகள். அவர்கள் கலைந்து போகவே இல்லை. நாங்கள் பார்த்ததாகச் சைகை காட்டாததால், மழையில் நனைந்துகொண்டு, எங்களுக்காகக் காத்து நின்றிருக்கிறார்கள். நாங்கள் ஒரு சாக்கைத் தூக்கி ஆட்டியதும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

நான் ஒவ்வோர் எழுத்தாக உரக்கச் சொன்னேன். 'ப்'. 'எ'. 'ண்'. ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். பெண். இடது கோடிக்காரர் மட்டும் எழுந்தார். 'ச்'. 'உ'. நடுவில் மூன்று பேர் எழுந்தார்கள். 'க்'. 'அ'. 'ம்' என்று நான் சொல்வதற்குள் கூட்டமே சொல்லிவிட்டது.

"பொம்பளப் புள்ள, சுகம்" என்று யாரோ செல்லம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

செல்லம்மா இன்னும் சிரிக்கவில்லை. "யாரு சுகம்? தாயா, புள்ளையா? அதைக் கேளுங்க தங்கச்சி."

கேட்டோம். அக்கரையில் வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது. பிறகு பொறுமையாக, ஓர் எழுத்தும் விடாமல், 'இருவரும்' என்று அனுப்பினார். அப்போதுதான் செல்லம்மா ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். குடித்துவிட்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

அதற்குப் பிறகு அந்த மத்தியானம் எங்கள் கையில் இல்லை. வேலை இல்லாத நாள். இரண்டு கரையிலும் சனம் சேர்ந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அட்டவணையைப் பிடுங்கிக்கொண்டார்கள். தெரியாதவர்கள் சாக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். 'நாளை வேலை உண்டா' என்று அக்கரை கேட்டது. 'இல்லை' என்று இக்கரை சொன்னது. 'இங்கும் இல்லை. மீன் உண்டு' என்று அக்கரை சொன்னது. வெள்ளத்தில் ஒதுங்கிய மீன் போலிருக்கிறது. இக்கரையில் ஒரே பொறாமை. தங்கவேலு சார் ஒரு பாறை மேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப்போன கணினியைப் பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

அந்தப் பேருந்தில் வைத்திருந்த பொருள்களில் சனங்கள் எதை விரும்பிப் பார்த்தார்கள் என்று நித்யா கேட்டாள் அல்லவா? தொடுதிரை வரட்டும், நல்லதுதான். எனக்குக்கூட ஒன்றைத் தொட்டுப் பார்க்க ஆசை. ஆனால் ஐந்து பேர் எழுந்து நிற்க இடம் விடுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடிய ஒரே பதில்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கரையிலிருந்து ஒரு சொல் வந்தது. 'பேர்'. குழந்தைக்கு என்ன பேர் வைப்பது என்று சாந்தி தன் அம்மாவைக் கேட்கிறாள்.

எல்லோரும் செல்லம்மாவைப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ராணி" என்றார். "தேயிலைக்கு வெலை இல்லாட்டிப் போவுது. எம்பேத்தி ராணி."

"நான் அனுப்பறேம்மா" என்று அட்டவணையை எடுத்தேன்.

"இல்ல தங்கச்சி. நானே போய் நிக்கிறேன். எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லு."

பதினாறு மதிப்புள்ள இடத்தில் அவரை நிறுத்தினேன். 'ர்'. எழுந்து சாக்கைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார். 'ஆ'. உட்கார்ந்தார். 'ண்'. மறுபடி எழுந்தார். 'இ'. உட்கார்ந்தார். கடிதம் என்று வாழ்நாளில் ஒன்றுகூட எழுதாத அந்த அம்மா, தன் உடம்பால் ஒரு பேரை எழுதி முடித்துவிட்டுச் செடிக்குப் பின்னால் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

அக்கரையில் குடை மேலே போனது. பிறகு அந்த ஐந்து பேரும் எழுந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்ற எல்லோரும் கையில் கிடைத்ததைத் தூக்கினார்கள். சாக்கு, துண்டு, புடவைத் தலைப்பு, சட்டை. லயத்து வாசலெல்லாம் வெள்ளையும் சிவப்புமாக ஆடியது. நான் அட்டவணையை மேலும் கீழும் பார்த்தேன்.

"சார், இது எந்த எழுத்துன்னு தெரியலைங்களே" என்றேன்.

செல்லம்மா எழுந்து, சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது எனக்கு வாசிக்கத் தெரியுது தங்கச்சி" என்றார். "பேரு புடிச்சிருக்காம்."